கருங்கல்லும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

"அசையுது! கல்லுல உயிர் இருக்கு!" என்று கத்தினான் மொட்டை. கோடையில் மழித்த தலையில் முடி எப்போதோ வளர்ந்துவிட்டது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

வகுப்பே நுண்ணோக்கியைச் சுற்றி முண்டியடித்தது. மைதானத்தில் கிடைத்த கருங்கல் வானத்திலிருந்து விழுந்தது என்று மொட்டை ஒரு வாரமாகச் சொல்லி வந்தான். எல்லோரும் சிரித்தார்கள். "பாத்துட்டுச் சிரிக்கலாமே" என்றவள் அவன் தோழி வாலு மட்டும்தான். இப்போது கல்லைச் சுரண்டி, தூளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால், நிஜமாகவே ஏதோ நெளிந்தது!

"மூணு மணிக்கு விண்வெளி ஆய்வு மையத்து அக்கா வர்றாங்க. வேற கிரகத்துல உயிர் இருக்கான்னு தேடுறவங்க. அவங்ககிட்டயே சொல்லப் போறேன்!" மொட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாலுவும் கூடவே குதித்தாள். சட்டென்று நின்றாள்.

"தண்ணி எங்கேருந்துடா எடுத்தே?"

"மீன் தொட்டியிலேருந்து. அதான் கைக்கு எட்டுச்சு."

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் ஓடியதும் வாலு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வா, தூளே போடாம வெறும் தண்ணியைப் பாப்போம்."

பார்த்தார்கள். அதே நெளிசல்.

மொட்டையின் முகம் வாடிவிட்டது. "ஏண்டி பாக்கச் சொன்னே?"

"எல்லார் முன்னாடியும் தெரிஞ்சா இன்னும் கஷ்டமா இருக்குமேடா."

"இப்பவும் சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன். என்னைப் பாத்துச் சிரிச்சு அவங்களுக்கு நல்ல பழக்கம்."

மொட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று மணிக்கு அக்கா வந்ததும் அவன் எழுந்தான். வாலுவும் எழுந்தாள்.

"அக்கா, கல்லுல உயிர் இருக்குன்னு நினைச்சேன். வெறும் தண்ணியைப் பாத்தப்போதான் தெரிஞ்சுது, அது மீன் தொட்டித் தண்ணியில இருந்த உயிர். அப்புறம் டீச்சர்கிட்ட கொதிச்சு ஆறின தண்ணி வாங்கி விட்டுப் பாத்தோம், கல்லுல ஒண்ணுமில்லை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"வெறும் தண்ணியைப் பாக்க யாருக்குத் தோணுச்சு?"

மொட்டை வாலுவைக் காட்டினான்.

"நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு எங்ககூட இருந்திருக்கணும். வானத்துலேருந்து ரேடியோ சிக்னல் வருதுன்னு நாங்க மூணு நாள் குதிச்சோம். கடைசியில பாத்தா, எங்க கட்டடத்து லிஃப்ட் மோட்டார்லேருந்து வந்தது!"

இப்போது மொட்டைதான் முதலில் சிரித்தான். "அப்போ வேற கிரகத்துல யாருமே இல்லையா அக்கா?"

"தெரியாது. அதனாலதான் நாளைக்கும் வேலைக்குப் போறேன்."

மொட்டை கால்சட்டைப் பைக்குள் கைவிட்டான். "இன்னொரு கல்லு இருக்கு. இதையும் பாத்துடலாமா?"

அதற்குள் வாலு வாசலைத் தாண்டியிருந்தாள். "டீச்சர், தண்ணி கொதிக்க வைக்கணும்!"