நாக்கில் ஒட்டிய முத்திரை

"ஐயோ... நார்மன்!"

மனைவி டோரீனின் அலறலில் பங்களாப் புறாக்கள் சிதறிப் பறந்தன.

தொல்லியல் பேராசிரியர் நார்மன் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். உதட்டில் நுரை. கையில் ஒரு எலும்பு முத்திரை!

மும்பை பக்கம் சோப்பாரா கடற்கரையில் பாஸ்டர் வேதமணிக்குக் கிடைத்தது அது. பொன் தேடி சாலொமோன் ராஜாவின் கப்பல் வந்த வேதாகமத்து ஓப்பீர் இதுதான், முத்திரையே சாட்சி என்று பூனா முழுக்க போஸ்டர் ஒட்டியிருந்தார்.

ஞாயிறு மாநாடு. நார்மனோ, வேதாகமக் கதைகளை மண்ணுக்குள் தேடாதே என்று காலமெல்லாம் எழுதியவர். போன வாரம் முத்திரையைச் சோதித்துவிட்டு, "முடிவை மேடையில சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மறுநாள். இன்ஸ்பெக்டர் மகாதேவன் உதட்டைப் பிதுக்கினார். பூனாவின் தாபோடியிலேயே வளர்ந்த தமிழர்; பேச்சில் இந்தி கலக்கும்.

"சாய், பிஸ்கூட், பானி... எதுலயும் விஷம் இல்ல மேடம். பின்னே எப்படி?"

டோரீனுக்குப் பொறி தட்டியது.

பழைய எலும்பு நாக்கில் ஒட்டும். கல் ஒட்டாது. எதை எடுத்தாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பது நார்மனின் தொழில் பழக்கம். எத்தனை முறை திட்டியிருப்பாள்! பாவி மனுஷன் கேட்டாரா?

"போட்டோ எடுக்கணும்னு பாஸ்டர் முத்திரைய வாங்கிட்டுப் போயி, நேத்துதான் திருப்பித் தந்தாரு. முதல் தடவை இவுக நாக்குல வச்சதை அவரும் பாத்தாரு. அதே முத்திரைதானான்னு நாக்குல வச்சிருப்பாவ... பாஸ்டரைக் கூப்பிடுங்க சார்!"

வேதமணி வந்தார். வெள்ளை உடுப்பு, சோக முகம்.

"கர்த்தர் ஆறுதல் தருவாரு சிஸ்டர். அந்த முத்திரை..."

"தாரேன் பாஸ்டர். முதல்ல கொண்டாந்தப்ப முத்தம் கொடுத்துத்தானே தந்திய? இப்பவும் ஒண்ணு கொடுத்துட்டு எடுத்துக்கிடுங்க!"

முத்திரையைக் கைக்குட்டையில் பிடித்து அவர் உதட்டருகே நீட்டினாள்.

வேதமணி துள்ளிப் பின்வாங்கினார். நாற்காலி உருண்டது!

"ஏன் பாஸ்டர் பயப்படுறீங்க?" மகாதேவன் கதவை மறித்தார்.

வேதமணி உடைந்தார். "அந்த ஆளு மேடையேறி போலின்னு சொன்னா என் ஊழியமே நாசம்! அதான்..."

டோரீன் சிரித்தாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு.

"போலியா? எழுத்தும் எலும்பும் அசல்னு எங்கிட்டச் சொன்னாவ. 'நான் தோத்தேன், பாஸ்டர் ஜெயிச்சாரு'ன்னு சபை முன்னால சொல்லணும்னு புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தாவ. அதைப் போட்டுத்தான் நாளைக்கு அடக்கம் பண்ணப் போறேன்!"



மகாதேவன் வேதமணிக்கு விலங்கை மாட்டினார்.

"பூனாவுலயே அந்த முத்திரைய நம்பாத ஒரே ஆளு நீங்கதான் பாஸ்டர்!"