கைப்பிடியில் கட்டிய தலைத்துண்டு

ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்த பிறகு சுவர்க் கடிகாரத்திலும் தோக்கியோ நேரம்தான். காலை ஒன்பது. வெளியே வெயில் இன்னும் ஏழரை மணி வெயிலாகத்தான் இருந்தது.

பாக்கியலட்சுமி ஒரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து கருணாகரன் வீட்டு முற்றத்தில் போட்டாள். அதை உருட்ட முடியாது. பின்சக்கரம் அப்பளம்போல் மடிந்திருந்தது. முன்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்த கருணாகரன் நிமிர்ந்தார். சண்டைக்கு முன்பு அவர் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் விபத்துக் கிராணி. கார் மோதிய இடத்துக்குப் போய், பிழை யாருடையது என்று எழுதிக் கொடுப்பது வேலை. கம்பெனி துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள். கம்பெனிப் பலகை இப்போது அவர் வீட்டுக் கோழிக்கூண்டின் கதவு. ஆனாலும் விபத்து என்றால் போலீஸ் ஸ்டேஷன் இன்னும் அவர் கையெழுத்தைத்தான் கேட்டது.

கணேசமூர்த்தி அந்தக் கம்பெனியில் தட்டெழுத்தர். வயது நாற்பதைத் தாண்டியவர். தட்டெழுத்துப் பொறியை ஜப்பான்காரர்கள் எடுத்துப் போன பிறகும் கருணாகரனை விட்டுப் போகாதவர். சைக்கிளைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"எப்போம்மா நடந்துச்சு?"

"செவ்வாக்கெழமை காலையில. எங்க வீட்டுக்காரரு எண்ணெய் விக்கப் போனாரு. கார் இடிச்சிட்டு நிக்காமப் போயிருச்சு. கால் நசுங்கி ஆஸ்பத்திரியில கெடக்காரு. புண்ணு நாத்தம் அடிக்குது. சல்ஃபா மாத்திரை கெடைக்கலேன்னா நாளைக்குக் காலையில முட்டிக்கு மேல எடுத்துருவோம்னு டிரெஸ்ஸர் சொல்லிட்டாரு."

"கார் யாருது?" என்றார் கருணாகரன்.

"கலியாணசுந்தரம் மொதலாளியுது. டிரைவர் சமது பாய் நான்தான் ஓட்டுனேன்னு போலீஸ் மாத்தாகிட்ட ஒத்துக்கிட்டாரு. ஆனா இவருதான் சந்துலேருந்து குறுக்கே வந்து விழுந்தாருங்கிறாரு. மாத்திரை கேட்டு மொதலாளி வீட்டுக்குப் போனேன். அவரு மச்சினன் ஜெயபாலனுக்கு ஜப்பான் ஆபீசுல மொழிபெயர்ப்பு வேலை. நெனைச்சா வாங்கித் தரலாம். 'ஒன் புருசன் தப்புக்கு நாங்க ஏன் குடுக்கணும்'னு வெரட்டிட்டாங்க."

"அந்தக் காருக்குக் காப்புறுதி இருக்கே சார்! நான்தானே டைப் அடிச்சேன்!" என்றார் கணேசமூர்த்தி.

"இருக்கு. கம்பெனி பம்பாய்ல இருக்கு. போய்க் கேட்டு வாங்கிட்டு வா."

கணேசமூர்த்தி மண்வெட்டியை எடுத்துச் சுவரில் சாத்தினார்.

கருணாகரன் சைக்கிளருகே குந்தினார். கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துண்டு இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

"இது யார் கட்டுனது?"

"அவரு தலைத்துண்டு. அவருதான் கட்டியிருக்கணும். நான் தொடல."

"தலையில அடி உண்டா?"

"மண்டையும் கிழிஞ்சிருக்கு ஐயா. சட்டையெல்லாம் ரத்தம்."

துண்டில் ஒரு சொட்டு ரத்தமில்லை. கருணாகரன் எழுந்து கைகளைக் கழுவிக்கொண்டார்.

காஜா பெராங் சடக்கு. சாலையின் நடுவே ஜப்பான் காவல் சாவடி. துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்க்கு முன்னால் எல்லோரும் வண்டியிலிருந்து இறங்கி, தலையில் இருப்பதை எடுத்துவிட்டு, இடுப்பு வளையக் குனிந்தாக வேண்டும். குனிந்தது போதாதென்றால் அறை விழும். கருணாகரனும் கணேசமூர்த்தியும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து கடந்தார்கள்.

பின்னால் மணிச் சத்தம். ஜெயபாலன் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. கையில் கட்டியிருந்த ஜப்பான் எழுத்துப் பட்டையைச் சிப்பாய்க்குக் காட்டிவிட்டு, மிதித்தபடியே போனார்.

"கைப்பட்டை போட்டவனுக்கு மட்டும் முதுகு வளையாது" என்று முணுமுணுத்தார் கணேசமூர்த்தி.

சாவடி கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இடம் வந்துவிட்டது. இரண்டு விளக்குக் கம்பம் தள்ளி, இடப்பக்கம் ஒரு சந்து. சடக்கில் சைக்கிள் இழுபட்ட கீறல். அதிலிருந்து நன்றாகத் தள்ளி, வாய்க்கால் தாண்டிய புல்லில், எண்ணெய் காய்ந்த கறை. அங்கேதான் பாக்கியலட்சுமியின் கணவர் நடராஜன் விழுந்து கிடந்தாராம்.

"ஆளைத் தூக்கி எறிஞ்சிருக்கு சார். நல்ல வேகம்."

"ஆமா. நல்ல வேகம்."

"சிப்பாய் பார்த்திருப்பானே. கேட்டா என்ன?"

"கேளு. அப்புறம் பேச ஒனக்கு வாய் இருந்தா எனக்கும் சொல்லு."

கலியாணசுந்தரத்தின் கடைக்குப் பின்னால் நீளமான முற்றம். கொட்டகையில் கார் நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். காரின் முதுகில் கரி அடுப்பைப் பூட்டி, கரிப்புகையில் ஓட்டினார்கள். சாயங்காலம் கருணாகரன் எல்லோரையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். கலியாணசுந்தரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சமது பாய் காரோடு ஒட்டி நின்றார். ஜெயபாலன் தூணில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். பாக்கியலட்சுமி யாரும் சொல்லாமலே ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், அன்னிக்கு காருல வேற யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டார் கருணாகரன்.

"நான் மட்டும்தான் ஐயா."

"சாவடியில இறங்கினீங்களா?"

"இறங்காம வர முடியுமா? இறங்கி, குனிஞ்சு, ஏறி, எடுத்தேன். அந்தாளு சந்துலேருந்து பாய்ஞ்சு வந்தான்."

"சரி. காரைக் கிளப்புங்க. இந்தச் சுவர்லேருந்து அந்த வாழைக்கட்டை வரைக்கும் ஓட்டுங்க. சாவடிக்கும் அந்த எடத்துக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். முடிஞ்ச வேகத்துல."

சமது பாய் கரியைக் கொட்டி, பற்றவைத்து, காற்றுச் சக்கரத்தைச் சுற்றினார். நெடுநேரம் சுற்றினார். கொட்டகையெல்லாம் புகை. கலியாணசுந்தரம் இருமினார். ஒருவழியாக இயந்திரம் உறுமியது. கார் நகர்ந்தது.

கணேசமூர்த்தி ஜன்னலோரமாகக் கூடவே நடந்தார். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா பாய்?" என்று கேட்டார். வாழைக்கட்டை வரை நடந்தார். ஓடவேண்டியிருக்கவில்லை. மூச்சும் வாங்கவில்லை.

"போதும்" என்றார் கருணாகரன். "இந்த வேகத்துல இடிச்சா ஆள் அங்கேயே விழுவான். வாய்க்காலைத் தாண்டிப் போய் விழமாட்டான். அன்னிக்கு கார் சாவடியில நிக்கல. தூரத்துலேருந்தே வேகம் பிடிச்சு வந்திருக்கு."

கருணாகரன் கலியாணசுந்தரம் பக்கம் திரும்பினார்.

"நடராஜன் சந்துலேருந்தும் வரல. பின்சக்கரம்தான் மடிஞ்சிருக்கு. குறுக்கே வந்தவனுக்கு அப்படி மடியாது. தலைத்துண்டு கைப்பிடியில இருந்தது. மண்டை கிழிஞ்சும் துண்டுல ரத்தமில்ல. வெயில்ல எண்ணெய் விக்கிறவன் எதுக்குத் துண்டை அவுத்துக் கட்டணும்? சாவடியில குனிஞ்சிருக்கான். திரும்பத் தலையில கட்டி சைக்கிள்ல ஏறுறதுக்குள்ள, ஓரமா உருட்டிக்கிட்டுப் போறப்போ, பின்னாலேருந்து இடி விழுந்திருக்கு."

"சரிங்க கிராணியாரே," என்றார் கலியாணசுந்தரம், வேறு பக்கம் பார்த்தபடி. "சமது நிக்காம வந்துட்டான்னே வைங்க."

"சமது நிக்காம வந்தா சிப்பாய் சுட்டிருப்பான் முதலாளி. நிக்காமப் போக இந்த வீட்டுல ஒரே ஆளாலதான் முடியும்."

எல்லோர் கண்களும் ஜெயபாலன் கையிலிருந்த பட்டைக்குப் போயின.

"நான் காருல சும்மா உக்காந்து வந்திருக்கலாமே?" என்றார் ஜெயபாலன், பல்குச்சியை எடுக்காமல்.

"வந்திருக்கலாம். சமது ஓட்டி, நீங்க சும்மா உக்காந்திருந்தா, அதை மறைக்க வேண்டியதில்ல. 'நானும் பார்த்தேன்'னு நீங்களே சாட்சி சொல்லியிருப்பீங்க. நீங்களே ஓட்டினதாலதான் இத்தனை பொய்."

கணேசமூர்த்தி கருணாகரனின் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பழைய நாட்களில் இந்த இடத்தில்தான் கருணாகரன் பேனாவை மூடுவார். மறுநாள் கம்பெனி காசோலை எழுதும்.

ஜெயபாலன் கை தட்டினார். "கெட்டிக்காரர்தான். இப்போ யாருகிட்ட சொல்லப் போறீங்க? ஜப்பான் துரைகிட்டயா? அவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. நீங்க சொல்றதை அவருக்கு எடுத்துச் சொல்ற ஆளு நான்தான்."

"மாப்பிள்ளை, வேணாம்" என்றார் கலியாணசுந்தரம் மெல்ல.

"நீங்க சும்மா இருங்க மச்சான்."

சமது பாய் கருணாகரன் கையைப் பிடித்துக்கொண்டார். "விட்ருங்க ஐயா. என் மவனை சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டாங்க. அங்க போனவன் திரும்புறதில்ல. ஜெயபாலன் தம்பி சொன்னா விட்ருவாங்க. அல்லாவுக்குப் பயந்தவன்தான் நான். மவனுக்காகத்தான் இந்தப் பழியை ஏத்துக்கிட்டேன்."

"பாய், உங்க பிள்ளைக்காக இந்தம்மா புருசன் காலைக் குடுக்கணுமா?" கணேசமூர்த்தியின் குரல் கிறீச்சிட்டது. சமது பாய் பிடித்த கையை விட்டார். காரின் அடுப்பு பின்னால் சீறிக்கொண்டிருந்தது.

ஜெயபாலன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய தகரப் பெட்டியை எடுத்துக் காரின் மூக்கில் வைத்தார். திறந்து காட்டினார். வெள்ளை மாத்திரைகள்.

"ஒங்க கண்ணுக்கு நான் கெட்டவன். இருக்கட்டும். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு ஒரு காகிதம் வேணும், ஒங்க கையெழுத்தோட. சமது ஓட்டினாரு, சைக்கிள்காரன் குறுக்கே வந்தான், தப்பு அவன் மேல. எழுதுங்க. மாத்திரையை எடுத்துக்கிட்டுப் போங்க. சமது மவனும் வீட்டுக்கு வருவான்."

"சார், போடாதீங்க" என்றார் கணேசமூர்த்தி. சொன்ன பிறகு பாக்கியலட்சுமியைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாமென்று தோன்றியது. வேறு ஏதாவது வழி சொல்ல வாயெடுத்தார். வழி எதுவும் அவரிடம் இல்லை.

கருணாகரன் பேனாவை எடுத்திருந்தார். மூடி திறக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல நான் பொய்யா ஒண்ணுகூட எழுதினதில்ல" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. "ஒன் புருசன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் கண்டுபிடிச்சிட்டேன்."

பாக்கியலட்சுமி எழுந்து புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவர் பேனாவைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்டா ஒங்க கை அழுகிப் போயிருமா, ஐயா?"