துணைவர் எண்

"அப்பா, நீங்க இதை யூஸ் பண்ணியே பாக்கலையே, அப்புறம் எப்படி அஞ்சு ஸ்டார் போடறீங்க?"

மகள் இதைக் கேட்டு ஏழு மாதம் ஆகிறது. அவன் நாற்காலியின் கைப்பிடியில் தொற்றிக்கொண்டு, அவன் தட்டச்சு செய்வதை எட்டிப் பார்த்தபடி கேட்டாள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும் கண்ணு."

"ஆப்புக்கு மூஞ்சி இருக்காப்பா?"

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சத்தமாகச் சிரித்தாள். அவனும் சிரித்தான். எட்டு வயதுக் குழந்தையின் கேள்வி அந்தச் சிரிப்போடு முடிந்துபோனது.

வார இதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அவன் செயலிகளைப் பற்றி எழுதிவந்தான். வாசகர்கள் வைத்த பெயர் 'ஸ்டார் சார்'. டார்ச் அடிக்கிற ஆப் எதற்கு என் அத்தையின் நம்பரைக் கேட்கிறது, மழை வரும் என்று சொன்ன ஆப் மழையில் நனைந்த பிறகுதான் சொல்கிறது, புதிதாக வந்திருக்கும் மடிக்கிற போனை மடிக்கும்போது நம் மனமும் சேர்ந்து மடிகிறது என்றெல்லாம் எழுதுவான். படித்தவர்கள் கடிதம் போட்டார்கள். முக்கியமாக, எந்தப் பெட்டி திரையில் வந்தாலும் படிக்காமல் 'சரி' அழுத்தாதீர்கள் என்று வாரம் தவறாமல் எழுதுவான்.

அன்று மகள் கேட்ட செயலியின் பெயர் 'கூடவே'. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கானது. கீழே விழுந்துவிட்டால் போனின் மீது மூன்று முறை தட்டினால் போதும். யாருடைய எண்ணைத் துணைவர் எண்ணாகப் பதிந்திருக்கிறார்களோ அவர் போனிலும் அதே மூன்று தட்டல் கேட்கும்; தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு நினைவூட்டல் போகும். அவர் 'வருகிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

"என் அம்மாவின் போனில் இதைப் போட்டுக்கொடுத்தேன். அன்று முதல் நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்று முடித்திருந்தான். அவன் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

இப்போது வருடக் கடைசி. இந்த ஆண்டின் சிறந்த பத்து செயலிகள் என்று பட்டியல் கேட்டிருந்தார் ஆசிரியர். மதியம் கழிந்த நேரம். மழை வலுக்காமலும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மகள் பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. மனைவி தலைவலி என்று உள்ளே படுத்திருந்தாள். அவன் முதல் இடத்தில் 'கூடவே' என்று அடித்து, அதன் பக்கத்தில் ஐந்தாவது நட்சத்திரத்தை வைத்தான்.

டொக். டொக். டொக்.

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தான். ஆளில்லை. படிக்கட்டில் ஈரக் காலடி எதுவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, மேசையில் குப்புறக் கிடந்த போன் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தான்.

'உங்கள் துணை தேவை. நினைவூட்டல் 42. மாலை 4:10.'

போன மாதமே அந்தச் செயலியை அவன் நீக்கியிருந்தான்.

"யாருங்க வந்தது?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"யாருமில்ல. ஏதோ பழைய ஆப்பு, கத்துது."

"உங்க போனுக்கும் உங்கள மாதிரி வேளைகெட்ட வேளையில பேச்சு. அமுக்கி வைங்க."

அறிவிப்பைத் தள்ளிவிட்டான். மறுநாள் மழை இல்லை. நான்கு பத்துக்கு மூன்று தட்டல் கேட்டது. நினைவூட்டல் 43. போனை முழுவதுமாக அழித்து, புதிதாய் வாங்கியதுபோல் ஆக்கினான். அதற்கும் அடுத்த நாள், 44. இந்த முறை அந்த அறிவிப்பு அட்டையை விரலால் தள்ளாமல் திறந்தான். அவன் படிப்பவனல்ல, தள்ளுபவன். ஒரு நாளைக்கு இருநூறு அறிவிப்புகளை ஈ விரட்டுவதுபோல் கட்டைவிரலால் விரட்டுகிற தொழில் அது.

திறந்ததும் பழைய வரலாறு வரிசையாக வந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. மாலை 4:10. 4:15. 4:20. முதல் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போனது. சனிக்கிழமை முழுக்க. ஞாயிறு காலையில் மூன்றே மூன்று. கடைசி, ஞாயிறு மாலை 6:25. மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரே வரி: 'துணைவர் பார்த்தார். பதிலளிக்கவில்லை.'

அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு நினைவிருந்தது. மடிக்கிற போனின் வெளியீட்டு விழாவை நேரலையில் பார்த்து, அந்த வார இறுதி முழுவதும் அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தான்.

அட்டையின் அடியில் ஒரு தையல் கடையின் பெயரும் எண்ணும் இருந்தன. அழைத்தான். தையல் இயந்திரம் ஓடி நிற்கும் சத்தத்தின் மேல் ஒரு பெண் குரல் கேட்டது.

"சொல்லுங்க, ப்ளவுஸா? வாங்கறதுக்கா, குடுக்கறதுக்கா?"

"இல்லம்மா... இந்தக் கடை அம்மா..."

"அம்மா தவறிட்டாங்க. நான் அவங்க பொண்ணு. தனியாதான் இருந்தாங்க. நான் அப்ப வெளியூர்ல, கல்யாண வீட்டுத் துணி தைக்கப் போயிருந்தேன். பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. திங்கக்கெழமை வந்து கதவத் தெறந்தா... நீங்க யாரு?"

"பத்திரிகையிலருந்து பேசறேன். ஆப்பு பத்தி எழுதறவன்."

"ஐயோ, ஸ்டார் சாரா? அம்மாவுக்கு உங்க எழுத்துன்னா உயிரு சார். அந்தத் துணை ஆப்பு பத்தி எழுதினீங்கல்ல, அந்தப் பக்கத்தக் கத்தரிச்சு மெஷினுக்கு மேல ஒட்டி வச்சிருந்தாங்க. நான் போட்டுத் தரேன்னேன். 'ஏன்டி, எனக்குத் தெரியாதா? படத்துல இருக்கற மாதிரியே ஒவ்வொண்ணாப் போட்டுட்டேன், ஓடுது பாரு'ன்னாங்க. என்னமோ, கடைசி நேரத்துல அது வேலை செய்யல போல. அந்த போன் இன்னும் அம்மா வீட்லதான் கெடக்கு சார், பாத்ரூம் தரையில. எடுக்க மனசு வரல. சார்ஜ் எப்பவோ போயிருக்கும்."

படத்தில் இருக்கிற மாதிரியே.

அவன் பழைய இதழைத் தேடி எடுத்தான். கட்டுரைக்காகச் செயலியின் திரையைப் படம் எடுக்கும்போது, எண் கேட்கும் இடத்தில் வழக்கமாகப் பத்து ஒன்பதுகளை அடிப்பான். இந்தச் செயலி துணைவர் எண் என்ற இடத்தில் பொய் எண்ணை ஏற்கவில்லை. அவசரத்துக்குத் தன் எண்ணையே அடித்துப் படம் எடுத்தான். எண்ணை மங்கலாக்கி அனுப்ப வேண்டும், மறந்துபோனான். இதழ் வந்த வாரம் நாலைந்து குறும்புக்காரர்கள் கூப்பிட்டு "ஹலோ ஸ்டாரா?" என்றார்கள். தெரியாத அழைப்புகளையெல்லாம் அடைத்தான். அதற்கு நடுவில் ஒருநாள் ஒரு பெட்டி வந்தது. 'ஒருவர் உங்களைத் துணைவராகச் சேர்த்திருக்கிறார். சம்மதமா?' அவன் 'சரி' அழுத்தினான். பெட்டி போக வேண்டும் என்பதற்காக அழுத்தினான்.

மற்றவர்கள் அந்த இடத்தில் தங்கள் பிள்ளைகளின் எண்ணைப் போட்டிருப்பார்கள். அளவு நாடாவை நம்பிப் பிழைத்த ஒருத்தி, படத்தில் இருந்த எண்ணை ஒரு இலக்கமும் பிசகாமல் போட்டாள்.

நான்காம் நாள் அவன் போனை அணைத்து அலமாரியில் பூட்டினான். மனைவியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் குளிர்பெட்டியின் உறுமலும், குழாயிலிருந்து வாளியில் நெடுநேரத்துக்கு ஒரு சொட்டு விழும் ஓசையும் தவிர வேறு ஒலி இல்லை. சோப்பின் வாசனையோடு, அவர்கள் வீட்டில் யாரும் பயன்படுத்தாத, தையல் இயந்திர எண்ணெயின் மெல்லிய வாடை ஒன்று கூடத்துக்குள் வந்து, அவன் மூக்கருகே நின்றது.

டொக். டொக். டொக்.

அலமாரியிலிருந்து இல்லை. குளியலறைக் கதவு. உள்ளேயிருந்து. அதுவும் கை தட்டும் உயரத்தில் இல்லை. தரைக்கு ஒரு சாண் மேலே.

அவன் போய்த் திறக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றான். தட்டல் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. பிறகு ஐந்து நிமிடம். கோபமான தட்டலாக இருந்தால் தாங்கியிருப்பான். அது தொந்தரவு கொடுக்கக் கூச்சப்படுகிறவரின் தட்டல். வேலையாக இருப்பீர்கள், இருந்தாலும் ஒரு தரம் பாருங்கள் என்கிற தட்டல்.

மகளின் குரல் படியில் கேட்டதும் அது அடங்கியது.

மறுநாள் அவன் தையல் கடைக்கு நேரிலேயே போனான். அந்தப் பெண் எழுந்து, நாற்காலியில் கிடந்த துணியை ஒதுக்கி, "உக்காருங்க சார்" என்றாள்.

அவன் உட்காரவில்லை. "அந்த ஆப்பு வேலை செஞ்சதும்மா. அம்மா போட்ட நம்பர் என்னோடது. படத்துல என் நம்பர விட்டுட்டேன். அவங்க தட்டினது எல்லாம் எனக்குத்தான் வந்துச்சு. நான் பாக்காமத் தள்ளிவிட்டேன்."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"எத்தன தடவ?"

"நாப்பத்தொண்ணு. வெள்ளிக்கெழம சாயங்காலத்துலருந்து ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும்."

"அப்ப ஞாயித்துக்கெழம வரைக்கும் உசுரோட இருந்தாங்களா?"

"ஆமாம்மா."

"உடனேன்னு சொன்னாங்களே டாக்டரு. வலியே தெரிஞ்சிருக்காதுன்னு..." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "ஏன் சார் வந்து சொன்னீங்க? நான் அதையாச்சும் நம்பிக்கிட்டு இருந்தேனே."

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்து வந்தவன், பாதியை இறக்கி இன்னொருத்தி தலையில் வைத்துவிட்டான்.

"எனக்கு அந்த வீட்டுச் சாவி குடுப்பீங்களா?"

"எதுக்கு?"

"போகணும்மா. அவங்க கூப்பிட்டாங்க. நான் இன்னும் போகல."

அவள் இழுப்பறையைத் திறந்து, பித்தான்களுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து, கையில் கொடுக்காமல் மேசை ஓரத்தில் வைத்தாள்.

அந்த அம்மாவின் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. விளக்கு எரியவில்லை, மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். மூடிய ஜன்னலின் இடுக்கு வழியே மழைநாளின் சாயங்கால வெளிச்சம் அழுக்குத் தண்ணீர்போல் உள்ளே கசிந்து, துணி போர்த்திய தையல் இயந்திரத்தின் மேலும், அதற்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த, ஓரங்கள் நேராக வெட்டப்பட்ட அவனுடைய கட்டுரையின் மேலும் படிந்திருந்தது. அதில் தன் படம் சிரிப்பதைப் பார்க்க முடியாமல் அவன் பார்வையைத் திருப்பினான்.

மணி நாலு எட்டு.

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போனான். தரை காய்ந்து வெளுத்திருந்தது. மூலையில் போன். கண்ணாடி விரிசல் விட்டு, உயிரில்லாமல், கறுப்பாக. எடுத்து அழுத்திப் பார்த்தான். ஒன்றுமில்லை.

நாலு ஒன்பது.

ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. கடவுளே என்றான். வேறு பிரார்த்தனை வரவில்லை. காய்ந்த தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்கார்ந்தான்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது.

டொக்.

திரை கறுப்பாகவே இருந்தது.

டொக். டொக்.

"வந்துட்டேன்மா," என்றான். "லேட்டாயிடுச்சு. மன்னிச்சிருங்க. இங்கதான் இருக்கேன்."

கதவு தானாக மூடியது. மெதுவாக. ஓசையில்லாமல்.

இடது தொடையில் ஈரம். குளிர்ந்த ஈரம். கால்சட்டையில் ஊறிப் பரவியது. கையால் தடவினான். தரை காய்ந்துதான் இருந்தது.

பிறகு எடை. மடியின் மேல். முதலில் சற்றே. கூச்சத்தோடு. பிறகு முழுசாக. ஒரு தலையின் எடை.

கத்தவில்லை. கத்தினால் அவள் பயந்துவிடுவாள் என்று ஏனோ தோன்றியது. கையைத் தூக்கினான். இறக்கினான். விரல்களுக்கிடையில் நனைந்த, மெலிந்த தலைமுடி. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. முடி மட்டும் இருந்தது. ஐஸாய்க் குளிர்ந்த நெற்றி இருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்நுனி ஒன்று அவன் மணிக்கட்டைத் தேடி வந்து, பிடித்துக்கொண்டது.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முடியை ஒதுக்கிவிட்டான். ஒருமுறை. இன்னொருமுறை. நாற்பத்தொன்று வரை எண்ணலாம் என்று தொடங்கி, எண்ணிக்கையை விட்டுவிட்டான். வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் இருப்பதென்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

கதவின் அடி இடுக்கில் தெரிந்த வெளிச்சம் போயிற்று.

இருட்டில், மடியிலிருந்த பாரம், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல மெல்லத் திரும்பி, அவனை நிமிர்ந்து பார்க்க முகத்தை மேலே கொண்டுவந்தது.