மணிக்கூண்டுச் சங்கு

ஓய்வுபெற்ற பள்ளி இன்ஸ்பெக்டர் வேதசிரோமணி பனையூர்க் கடற்கரை வீட்டுக்குக் குடிபோனார் என்று சொன்னால் அது அவரைக் குறைத்துச் சொன்னதாகும். எழுந்தருளினார் என்பதே சரி. 1969-ஆம் வருஷத்துத் தை மாதம், தாம்பரத்தில் லாரியில் சாமான் ஏற்றி, பெரும்பாக்கம் சதுப்பில் நின்ற கொக்கு நாரைகளுக்கெல்லாம் லத்தீனில் பெயர் சூட்டிக்கொண்டே வந்து, சோழிங்கநல்லூரில் இறங்கிக் கால்வாயைப் படகில் கடந்தார். படகில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் நின்றார். நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து பேசியே பழகிய கால்கள் அவை.

மனைவி ஜெயசீலி பீங்கான் பெட்டியின்மேல் உட்கார்ந்து அவருடைய கண்ணாடிக் கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளாக அவள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். குடை, பேச்சுக் குறிப்பு, கழற்றிய மாலை. அவர் கையை நீட்டுவார். திரும்பிப் பார்க்க மாட்டார்.

டாக்டர் கடல்காற்று வேண்டும் என்றார் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார். விஷயம் வேறு. தாம்பரத்தில் அவர்கள் சபையில் வருஷாவருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். காணிக்கையாக வந்த பூசணிக்காய், கோழி, கேக் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு எலுமிச்சம்பழம் சைக்கிள் விலைக்குப் போகும். கொடுத்தது தேவனுக்கு என்பார்கள். ஆனால் கேட்டவர் யார் என்பதைத் தேவனைக் காட்டிலும் ஊர் நன்றாக ஞாபகம் வைத்திருக்கும். போன வருஷம் சபைச் செயலாளர் தனசிங், ரயில்வே குமாஸ்தா, பிரசங்க நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற மனுஷன், தேக்கில் ஒரு நோவா பேழையைச் செய்துவைத்துக் கைதட்டல் வாங்கிவிட்டார். அந்தக் கைதட்டல் வேதசிரோமணியின் காதை விட்டு இறங்கவில்லை.

"வருகிற பண்டிகைக்கு நம் கோயிலையே கிளிஞ்சலில் கட்டப்போகிறேன்" என்று கமிட்டியில் அறிவித்தார்.

கட்டப்போகிறவள் ஜெயசீலி.

வீடு யாரோ பட்டணத்து வக்கீலுடையது. சவுக்குத் தோப்புக்கு நடுவே, உப்பு தின்ற சுவரோடு நின்றது. பகலிலும் உள்ளே ஒரு சாம்பல் இருட்டு. சவுக்கு மரங்கள் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தன, வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணுகிறவர்களைப் போல. ஜெயசீலி விடியலில் கரைக்குப் போய்க் கிளிஞ்சல் பொறுக்குவாள். வெள்ளை சுவருக்கு, சோழி ஓட்டுக்கு, ஊதாச் சிப்பி ஜன்னலுக்கு. வந்து வஜ்ஜிரப் பசை காய்ச்சி அட்டைமேல் ஒட்டுவாள். அவர் ஈஸிசேரிலிருந்து மேற்பார்வை செய்வார்.

குப்பத்தார் பங்குனி ஆமை என்று சொல்கிற கடலாமைகள் கரையேறுகிற பருவம் அது. ஒருநாள் விடிந்த பிறகும் ஒரு ஆமை முட்டையிட்டுக்கொண்டிருக்க, வேதசிரோமணி அதன்முன் நின்று ஊர்வனவற்றைப் பற்றிப் பேசினார். ஆமை கண்ணீர் விட்டது. உடம்பிலுள்ள உப்பை வெளியேற்றத்தான் அது அழுகிறது என்று விளக்கினார். அது ஒன்றுதான் காரணம் என்று ஜெயசீலிக்குத் தோன்றவில்லை.

குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற தையல்நாயகி, ஜெயசீலியின் கூடையை எட்டிப் பார்ப்பாள்.

"ஆளு கீற சங்க எடுக்காதம்மா. காலியா கெடக்கறத எடு."

"உள்ளே நண்டுதானே இருக்கு?"

"அதாம்மா ஆளு. எடுத்தே தீரணும்னா பக்கத்துல வேற சங்கு ஒன்னு வச்சிட்டு எடு. வூடு போன நண்டு சும்மா இருக்காது. எந்தப் பொந்து தெறந்து கீதுன்னு தேடிக்கினே திரியும்."

ஈஸிசேர் சிரித்தது. "வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நண்டுக்கும் உண்டு போலிருக்கு."

"கீது சார். கோர்ட்டுதான் கடலுக்குள்ள கீது."

கோயில் வளர்ந்தது. மணிக்கூண்டின் உச்சிக்கு மட்டும் பொருத்தமான ஒன்று அகப்படவில்லை. மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் வேதசிரோமணி தாமே ஒரு சங்கைக் கொண்டுவந்தார். குழந்தைத் தலை அளவு. உட்புறம் ரோஜா நிறம். மொட்டைப் பனையடியில், மணலில் வாய் கவிழ்த்து யாரோ நட்டுவைத்தாற்போல் இருந்ததாம்.

"யாராவது வச்சதாயிருக்கப் போகுதுங்க."

"கடல் வைத்தது. கடலிடம் நான் ரசீது கேட்க முடியுமா?"

உள்ளே நண்டு இருந்தது. கொதிக்க வைத்தால் நிறம் போய்விடும் என்று அவளுடைய குரோஷா ஊசியால் அதைக் கிண்டி இழுத்தார். முன்பாதி நண்டு. பின்பாதி ஓடில்லாத, சுருண்ட, இளஞ்சிவப்புச் சதை. பிறந்த குழந்தையின் விரலைப் போல அது துடித்தது. வராந்தாவிலிருந்து அதை மணலில் எறிந்தார். பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்குள் நனைந்த வலையின் வாடை.

கூடத்துத் தரையில் ஒரு ஈரத்தடம் கிடந்தது. எதையோ இழுத்துக்கொண்டு போனதைப் போல. தடம் கூஜாவரை போய் நின்று, அங்கிருந்து அவருடைய பூட்ஸுக்குப் போய், பூட்ஸிலிருந்து குடிதண்ணீர்க் குடத்துக்குப் போயிருந்தது. கூஜா வாயைச் சுற்றி ஈர மணல். பூட்ஸ் வாயைச் சுற்றி ஈர மணல். குடத்தின் வாயைச் சுற்றியும்.

ஏதோ ஒன்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, போதாது என்று விட்டுவிட்டுப் போயிருந்தது.

ஜெயசீலி பாத்திரங்களையெல்லாம் தட்டுப்போட்டு மூடினாள். பூட்ஸுக்குள் காகிதம் திணித்தாள். சாவித் துவாரங்களில் பஞ்சு வைத்தாள். "எலி" என்றார் வேதசிரோமணி.

நாளுக்கு நாள் தடம் அகன்றுகொண்டே வந்தது. முதலில் ஒரு விரல். பிறகு ஒரு கை. பங்குனி பிறந்தபோது, ஒரு ஆள் வயிற்றால் ஊர்ந்துபோன அகலம் இருந்தது.

அன்று நல்ல மத்தியானம். காற்று நின்றுபோயிருந்தது. சவுக்குகள்கூட ஊதவில்லை. வேதசிரோமணி சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்து, வழக்கம்போல வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜெயசீலி அடுத்த அறையில் சோழி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கொரகொரவென்று ஒரு சத்தம். சிமெண்ட்டில் மணல் அரைபடுகிற சத்தம்.

வலை வாடை மூக்கை அடைத்தது.

சத்தம் கூஜாவண்டை நின்றது. மூடியிருந்தது. பூட்ஸண்டை நின்றது. அடைத்திருந்தது. குடத்தண்டை நின்றது.

வீட்டில் திறந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த வஜ்ஜிரம் ஆறிக்கொண்டிருந்தது.

குறட்டை நின்றது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஈரத்தடம் ஈஸிசேரின் கால்வழியாக ஏறி, சட்டை மார்பில் அகன்று, கழுத்தில் முடிந்திருந்தது. உதட்டோரத்தில் மணல். அவர் கண் திறந்தார். அவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் அதிகம் பேசவில்லை. பேச வேண்டாம் என்று இருப்பவரைப் போல, நிம்மதியாக.

ஈஸிசேரை விட்டுவிட்டு வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்தார். கிழிந்த பாட்மின்டன் வலையை எடுத்து, பேனா தவிர எதையும் பிடித்தறியாத விரல்களால் கண் கண்ணாக முடிந்தார். ஆமைக் குஞ்சுகள் பொரித்து வெளிவந்த விடியலில், காக்கைகளை விரட்டிக்கொண்டு அலைவரை கூடவே நடந்தார். பார்க்க வந்த போதகர், சகோதரர் மனந்திரும்பிவிட்டார் என்று ஸ்தோத்திரம் சொன்னார். மத்தியானங்களில் கணவர் தன் தட்டை ஒதுக்கிவிட்டு, அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்பார்.

"சாப்ட்டியாம்மா?"

இத்தனை வருஷத்தில் தன் வீட்டுக்காரர் வாயிலிருந்து வராத சொல் அது. அவள் சமையலறைக்குள் போய் அழுதாள். பயத்திலா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

உடம்பு சரியில்லாமல் கொஞ்ச நாள் வராதிருந்த தையல்நாயகி ஒரு காலை கூடையை இறக்கினாள். அவர் எழுந்து வந்து குனிந்து, இடதுகைச் சுண்டுவிரலால் ஒரு வவ்வால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நேத்து மீனு, நாயி" என்றார்.

தையல்நாயகி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயசீலியைப் பக்கத்தில் இழுத்து அவள் காதருகே கிசுகிசுத்தாள்.

"என்னை நாயின்னு கூப்புடுறது ஒரு ஆளுதாம்மா. எங்க அண்ணன் பொன்னுரங்கம். போன ஐப்பசில கட்டுமரம் வந்துச்சு, அது வரல. ஒடம்பு ஒதுங்காத ஆளுக்கு எங்க குப்பத்துல பனையடில ஒரு சங்கு வைப்போம், வந்து தங்கறதுக்கு. வச்ச சங்கு காணோம். யாரும்மா எடுத்தது?"

ஜெயசீலி உள்ளே திரும்பிக் கிளிஞ்சல் கோயிலைப் பார்த்தாள். மணிக்கூண்டின்மேல் ரோஜா நிறம் மின்னியது.

"அப்போ என் வீட்டுக்காரர் எங்கே?"

"வூடு மாறிப்போச்சும்மா. அது இங்க வந்துச்சு, அவரு அங்க போயிருப்பாரு. சங்க எடுத்த எடத்துலயே கவுத்து வச்சா உன் ஆளு திரும்பிடுவாரு." தையல்நாயகி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எங்க அண்ணன் பூடும். நீ சொல்றதுதாம்மா. நான் ஒன்னும் கேக்க மாட்டேன்."

அவள் போனபின் ஜெயசீலி மணிக்கூண்டில் காதை வைத்தாள். அலைச்சத்தம். அலைக்கு அடியில், வெகு தூரத்தில், ஒரு குரல்.

"மிஸ்டர் சேர்மன், லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்..."

"ஏங்க" என்றாள் மெல்ல. "நீங்களா?"

"டோன்ட் இன்டரப்ட், ஜெயசீலி. என் கண்ணாடி எங்கே?"

அன்றே எடுத்துக்கொண்டுபோய்க் கவிழ்த்திருக்கலாம். நாளை என்று வைத்துக்கொண்டாள். சித்திரை வெயில் போயிற்று. ஆடியில் கடல் வராந்தாவரை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. விளக்கேற்றும் நேரத்தில் தினமும் காதை வைத்தாள். சாப்பிட்டாயா என்று அவர் ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், ஓடிப்போய் வைத்துவிடுவாள். அதுவே அவள் தனக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அவரோ தலைமையுரை முடிந்து நன்றியுரைக்கு வந்து, மறுபடி தலைமையுரையைத் தொடங்கினார். நடுவில் கண்ணாடி கேட்டார்.

அறுப்பின் பண்டிகைக்குத் தாம்பரம் திரும்பினார்கள். கிளிஞ்சல் கோயிலைச் சுற்றிச் சபையே கூடிவிட்டது. ஏலத்தில் தனசிங்கைத் தவிர மற்றவர்கள் சீக்கிரமே ஒதுங்கினார்கள். வேதசிரோமணியின் பொருளைத் தம் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டால் போதும், நோவா பேழைக்குப் பிறகு அவருக்கு வேறு மோட்சம் தேவையில்லை.

"ஒரு தரம்."

ஜெயசீலி பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, அதை விற்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ரெண்டு தரம்."

ஆண்கள் பக்கத்திலிருந்து, வேதசிரோமணியின் உடம்பில் இருந்த அந்த மனுஷன் அவளைப் பார்த்தார். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அலை இழுக்கிற இடத்தில் நிற்பவரைப் போல, போகச் சொன்னால் போகிறேன் என்று பார்த்தார்.

அவள் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மூணு தரம்."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனசிங்கின் மனைவி பியூலா குடையை உதறிக்கொண்டே அருகில் வந்தாள்.

"அக்கா, உங்க கிளிஞ்சல் கோயிலை வச்ச நாளா வீடெல்லாம் ஈர மணல். தாம்பரத்துல ஏதுக்கா கடல் மணல்? சொம்பு வாய், செருப்பு, ஒண்ணு விடல."

"எல்லாத்தையும் மூடி வை" என்றாள் ஜெயசீலி. "பியூலா, உன் வீட்டுக்காரரை வாயை மூடித் தூங்கச் சொல்லு."

பியூலா சிரித்தாள். "அது நடக்குமாக்கா? ஆலயத்துலயே மூடறதில்ல."

அடுத்த ஞாயிறு அவள் சிரிக்கவில்லை. மணி அடிப்பதற்குமுன் பாயில் நெருங்கி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"ராத்திரி அந்தச் சங்குல காதை வச்சேன். உள்ள யாரோ குறட்டை விடறாங்கக்கா."

பாட்டு முடிந்தது. அறிவிப்புகளை வாசிக்கத் தனசிங் எழுந்தார். காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முணுமுணுப்பது அவர் வழக்கம். அன்று காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கூரையைப் பார்த்தார்.

"மிஸ்டர் சேர்மன், லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்..."

ஆண்கள் பக்கத்தில் ஜெயசீலியின் வீட்டுக்காரராக உட்கார்ந்திருந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

தனசிங் பேச்சை நிறுத்தினார். பிறந்தது முதல் கண்ணாடி போடாத மனுஷன் மூக்கின்மேல் தடவிப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கமாக, திரும்பிப் பார்க்காமல், கையை நீட்டினார்.

"ஜெயசீலி. என் கண்ணாடி எங்கே?"

பழக்கதோஷம். அவள் யோசிப்பதற்குள் அவள் கை பைக்குள் போய்விட்டது. இத்தனை மாதமும் எறியாமல் வைத்திருந்த கண்ணாடிக் கூட்டை விரல்கள் தொட்டன.

மூடியே வைத்திருந்த கூடு இப்போது திறந்திருந்தது.

விளிம்பைச் சுற்றிலும் ஈர மணல்.