சொட்டு வரும் வழி

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. வீட்டில் எவ்வளவோ இடம் இருக்க, என் படிப்பு மேசைக்கு நேர் மேலேதான் ஒழுகியது. "வீட்டுப்பாடம் நனைஞ்சு போச்சு டீச்சர்" என்று நான் மூன்று முறை சொன்னேன். அதில் ஒரு முறைதான் பொய்.

மொட்டை மாடியைச் சரிசெய்யக் கொத்தனார் மாமா வந்தார். அறையில் சொட்டு விழும் இடத்தை அளந்தார். மேலே போய் அதே இடத்தைக் கொத்தினார். சிமெண்டில் பால் மாதிரி ஒரு மருந்தைக் கலந்து பூசினார். பூச்சு நன்றாக இறுக வேண்டும் என்று சுற்றிலும் சிறு வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினார். ஏழு நாள் அது குட்டிக் குளமாக நின்றது. நானும் தம்பியும் காகிதக் கப்பல் விட்டோம்.

எட்டாம் நாள் வரப்பை உடைத்தார். பத்தாம் நாள் மழை. என் மேசையில் 'டொக்'.

மறுபடி வந்தார். இன்னும் அகலமாகக் கொத்திப் பூசினார். மறுபடி குளம், மறுபடி கப்பல், மறுபடி மழை. மறுபடி 'டொக்'.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு தடவை பூசியும் ஒழுகுதே, இது என்ன வேலை? நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கொத்தனார் மாமா கரண்டியைத் துடைத்துப் பையில் வைத்தார். "இருபது வருஷமா இதான் சார் என் வேலை. நான் பூசின இடம் ஒழுகினதே இல்ல."

படியிறங்கும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இனிமே இந்தத் தெருவுல என்னை யார் பாப்பா கூப்பிடுவாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரியாகச் சொன்னால், இரண்டாவது தடவை கேட்டு வாங்கிய சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் விடுமுறை. அப்பா வெளியே போயிருந்தார். நான் மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். பொதுவாக, நான் யோசித்தால் தூக்கம் வரும். அன்று ஒரு கேள்வி வந்தது.

ஏழு நாள் குளம் நின்றபோது ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அரைமணி நேர மழைக்கு மட்டும் எப்படி விழும்? அப்படியென்றால் பூசிய இடத்தில் ஓட்டை இல்லை. வேறு எங்கேயோ இருக்கிறது.

"டேய் வாலு, இங்க வா. இந்த மேசைகிட்ட உக்காந்து மேலயே பாரு. சொட்டு விழுந்தா கத்து," என்றேன் தம்பியிடம்.

"எனக்கு என்ன தருவ?"

"வீட்டுக்குள்ள கத்தலாம்னு சொல்றேனே, அது போதாதா? வேற யார் சொல்லுவாங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. உட்கார்ந்துவிட்டான்.

மாடியில் சாக்பீஸால் பெரிய பெரிய கட்டங்கள் போட்டேன். மழைநீர் வடியும் தாழ்ந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மேட்டில் ஊற்றினால் தண்ணீர் எல்லாக் கட்டங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். எது குற்றவாளி என்று தெரியாது. ஒரு கட்டத்துக்கு ஒரு வாளி, பிறகு இருபது நிமிடம் காத்திருப்பது.

முதல் கட்டத்திலேயே தம்பி கத்தினான். இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன். மேசையெல்லாம் தண்ணீர்.

"தண்ணி குடிச்சேன்கா. கை தவறிடுச்சு."

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கட்டங்களில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது கட்டத்தில் துணிக்கொடிக் கம்பம் நின்றது.

அந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் அப்பா ஒரு துளை போடும் மெஷின் வாங்கினார். அதை வைத்து அவர் செய்த முதல் வேலை அந்தக் கம்பம். மாடித் தரையில் நான்கு துளை போட்டு, நான்கு போல்ட் முடுக்கி, அவரே நட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடத் தப்பவில்லை.

போல்ட்டுகளைச் சுற்றி ஒரு வாளி ஊற்றினேன். காத்திருந்தேன்.

"அக்கா, இந்தத் தடவை நான் இல்ல," என்று கீழேயிருந்து கத்தினான் தம்பி.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சொட்டு, அதன் பின்னால் இன்னொரு சொட்டு.

கண்டுபிடித்த சந்தோஷம் அரை நிமிடம்கூட இருக்கவில்லை. சொன்னால் அப்பா முகம் வாடிவிடும். சொல்லாவிட்டால் கொத்தனார் மாமாவின் பெயர் கெட்டுவிடும்.

அப்பா வந்தபோது சாயங்காலம். சொட்டு நின்றிருந்தது. புது ஆளின் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அப்பா, புது ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, கொத்தனார் மாமா வேலை எவ்வளவு மோசம்னு நீங்களே சோதிச்சுப் பாருங்களேன்," என்றேன்.

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. பூச்சின் மேல் இரண்டு வாளி ஊற்றினார். இருபது நிமிடம் ஆயிற்று. கீழே ஒன்றுமில்லை. அப்பா தாடையைச் சொறிந்துகொண்டார். நான் போட்டு வைத்திருந்த சாக்பீஸ் கட்டங்களைப் பார்த்து, தாழ்ந்த பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வந்தார். நான் வாளி மட்டும் தூக்கினேன். கம்பத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்.

"ஒரு கட்டம் விட்டுட்டீங்கப்பா."

"அது நான் போட்டதும்மா. யானை முட்டினாலும் அசையாது."

"அசையாதுப்பா. எதையும் விட வேண்டாமேன்னு சொன்னேன்."

ஊற்றினார். காத்திருந்தோம். இருட்டத் தொடங்கியது.

"விழுது. நான் எதையும் தொடல," என்றது கீழேயிருந்து தம்பியின் குரல்.

அப்பா குனிந்து நான்கு போல்ட்டையும் பார்த்தார். "எந்த முட்டாள் இதை..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

"முட்டாள் இல்லப்பா. துணி நல்லா காயுது," என்றேன்.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். போனை எடுத்தார். துண்டுச் சீட்டை எடுக்கவில்லை.

"கொத்தனாரே, நீங்க பூசினது ஒழுகல. நான் போட்ட கம்பம்தான் ஒழுகுது. நேத்து கோபத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. நாளைக்கு வர முடியுமா?"

காலையில் அவர் சிரித்த முகத்தோடு வந்தார். போல்ட்டுகளைக் கழற்றினார். "தண்ணி இங்க உள்ள இறங்கி, பூச்சுக்கு அடியிலயே ஆறடி நடந்து போய் உங்க மேசைமேல குதிச்சிருக்கு பாப்பா," என்றார். துளைகளைச் சுத்தம் செய்து அடைத்தார். மேலே அழுத்திப் பூசினார்.

அப்பா மெஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அதை ஏன் சார் ஒளிக்கறீங்க? கம்பத்தைத் தரையில வேண்டாம், கைப்பிடிச் சுவர்ல பக்கவாட்டுல மாட்டிடலாம். துளை நீங்களே போடுங்க. எங்க போடணும்னு மட்டும் நான் காட்டறேன்."

அப்பா போட்டார். நான்கும் நேராக வந்தன.

அடுத்த வாரம் பெரிய மழை பிடித்தது. அப்பாவும் அம்மாவும் தம்பியும் நானும் என் அறையில் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அப்பா கொத்தனார் மாமாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேசைக்கு மேலே பிடித்தார்.

"கொத்தனாரே, ஏதாவது கேக்குதா?"

"வெளிய மழை பெய்யுற சத்தம் கேக்குது சார்."

"வீட்டுக்குள்ள?"

"ஒண்ணும் கேக்கலையே சார்."

"அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்," என்றார் அப்பா.