கத்தரி மறைத்து வைத்தது

முதல் படத்திலேயே, பையனின் தோளுக்குப் பின்னால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழங்கை தெரிந்தது.

படத்தைத் திறந்து பார்த்தவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"ஒரு பின்னணியை ஒழுங்கா நீக்கத் தெரியல. இதுக்குப் பேரு கத்தரியாம்!"

பள்ளிக்கூடங்களுக்கு அடையாள அட்டை அடித்துக் கொடுக்கும் சின்ன ஸ்டூடியோ அது. அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண்ணுக்குத்தான் கத்தரி என்று பட்டப்பெயர். பிள்ளைகளின் படங்களில் பின்னணியை ஒவ்வொன்றாக நீக்குவது அவள் வேலை. ஒருநாள் மத்தியானம் எழுந்து போனவள் திரும்பவே இல்லை. அவளுடைய செருப்பு இன்னும் மேசைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து வெளியே போடக்கூட முதலாளிக்குத் துப்பில்லை என்று அவன் தினமும் நினைத்துக்கொள்வான். அவனும் அதில் கை வைத்ததில்லை.

அச்சகத்தில் இனிமேல் பிஎன்ஜி வகைக் கோப்புகள் வேண்டாம், எல்லாப் படமும் ஜேபிஜி வகையாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மொத்தம் அறுநூற்றுப் பதினொரு படங்கள். நாலு வரி நிரலில் முடிகிற வேலை. ஆனால் அந்த நாலு வரிக்கு வேண்டிய லைப்ரரியை, அதாவது துணை நிரல் தொகுப்பை, அந்தக் கிழட்டுக் கணினியில் ஏற்றுவதற்குள் பாதி நாள் போய்விட்டது. ஏற்றினால், ஏற்கெனவே இருக்கிறது என்றது. கூப்பிட்டால், அப்படி எதுவும் இல்லை என்றது. கடைசியில் பார்த்தால், நிரலை ஓட்டுகிற பைத்தான் மென்பொருளே கணினிக்குள் இரண்டு இருந்தது. ஒன்றில் ஏற்றிவிட்டு இன்னொன்றில் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பழியையும் கத்தரி தலையிலேயே கட்டினான்.

பிறகு நிரலை ஓட்டினால், ஒளிபுகும் அடுக்கு உள்ள படத்தை ஜேபிஜியாகச் சேமிக்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் முரண்டு பிடித்தது. மென்பொருள் பின்னணியை நீக்குகிறபோது எதையும் வெட்டி எறிவதில்லை. 'இந்த இடத்தைக் காட்டாதே' என்று ஓர் அடுக்கைப் போர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். அடியில் பழைய படம் அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் முதலில் வெள்ளைத் தாள் மேல் ஒட்டிவிட்டு மாற்ற வேண்டும். கத்தரியும் அதைத்தான் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தாள்: 'வெள்ளையில் ஒட்டிய பிறகே மாற்றவும். அடுக்கைக் கழற்றக் கூடாது. மூடியே இருக்கட்டும்.'

"தம்பி, அந்தப் பொண்ணு எழுதி வச்சதைப் பார்த்துட்டு செய்ங்க," என்றார் முதலாளி, கிளம்புகிற அவசரத்தில்.

"அண்ணே, அது புரோகிராமருக்கு எழுதின மாதிரி இல்ல. பேய் ஓட்டுறவனுக்கு எழுதின மாதிரி இருக்கு."

முதலாளி சிரிக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

அவன் அடுக்கைக் கழற்றினான். ஒரே சொல்லில் முடிகிற வேலைக்கு வெள்ளைத் தாள் எதற்கு? இடத்தை அடைக்கிறதே என்று, பழைய படங்களை அழித்துவிட ஐந்தாவது வரி ஒன்றையும் சேர்த்துக்கொண்டான்.

அப்புறம்தான் அந்த முழங்கை.

பத்தாவது படத்திலும் அதே முழங்கை. எழுபதாவதில் தோள் வரை வந்திருந்தது. இருநூறாவதில், சீருடை போட்ட ஒரு சிறுமிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நெட்டையாக ஓர் உருவம் நின்றது. படம் எடுக்கிறபோது யாரோ குறுக்கே நின்று தொலைத்திருக்கிறார்கள், அதைக்கூடக் கவனிக்காத முண்டங்கள் என்று திட்டிக்கொண்டே அடுத்ததைத் திறந்தான். மின்விசிறி கரகரத்தது. எங்கிருந்தோ நனைந்த அட்டையின் வாடை வந்தது. முந்நூறு. நானூறு. வேறு வேறு நாட்களில், வேறு வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்த படங்கள். உருவம் மட்டும் ஒன்றுதான். ஒவ்வொரு படத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அப்பா, கழுத்துல ஊதாதீங்க."

அவனுடைய மகள். எட்டு வயது. வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். பள்ளி விட்டதும் இங்கே வந்து, படம் எடுக்கும் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவனுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில்.

"நான் இங்க இருக்கேன்டி. உன் கழுத்துல எப்படி ஊதுவேன்? எழுதுற வேலையைப் பாரு."

"அப்ப யாரு ஊதுறா?"

"அறிவிருக்கா உனக்கு? ஃபேன் காத்துடி."

மின்விசிறி அவன் மேசை மேல் இருந்தது. அவனைப் பார்த்துத்தான் சுழன்றது.

அவன் கை தானாகக் கடைசிப் படத்துக்குப் போனது. அறுநூற்றுப் பதினொன்று. நேற்று எடுத்தது; பின்னணியை அவனே மென்பொருளில் நீக்கியிருந்தான். சுண்டெலியின் படம். ஒரு பல் விழுந்த சிரிப்பு. அவளுக்குப் பின்னால் அது முழுசாகத் திரும்பியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரித்த ஓரங்கள் மட்டும். இரண்டு கைகளும் அவள் கழுத்துக்குப் பக்கத்தில். இன்னும் தொடவில்லை.

மூட வேண்டும். அடுக்கைத் திரும்பப் போட வேண்டும்.

பழைய கோப்புறையைத் திறந்தான். காலி. குப்பைத் தொட்டியைத் திறந்தான். அதுவும் காலி. அவனுடைய ஐந்தாவது வரி ஒழுங்காக வேலை செய்திருந்தது.

கையாலேயே அழித்துவிடலாம். வெள்ளை பூசிவிடலாம். முதல் படத்தைத் திறந்தான்.

முழங்கை இல்லை.

பையனுக்குப் பின்னால் வெறும் சுவர்.

பத்தாவது. சுவர். இருநூறு. சுவர். நானூறு. சுவர்.

அறுநூற்றுப் பதினொன்று.

சுவர்.

"சுண்டெலி, இங்க வா."

பென்சில் கீழே விழுந்து உருண்டது. வேறு சத்தமில்லை.

"விளையாடாதடி. அப்பாகிட்ட வா."

அவன் திரும்பினான்.

அவள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படம் எடுக்க உட்கார வைத்தது போல. கண் இமைக்கவில்லை. அவள் தோள்களில் பத்து விரல்கள் இருந்தன. நீளமான விரல்கள். அவற்றுக்குப் பின்னால் யாரும் இல்லை. வெள்ளைச் சுவர் மட்டும்தான்.

"அப்பா," என்றாள், உதடு அசையாமல். "சிரிக்கச் சொல்லுது."

விரல்கள் கழுத்து வழியாக ஏறின. தாடையைப் பிடித்து முகத்தை நேராக்கின. பிறகு உதட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, ஒரே அளவாக, மெல்ல மேலே இழுத்தன.