பீடி வாடை

பொன்னுவேலிடம் பீடி வாடை இல்லை.

சூசைமாணிக்கம் அதை உடனே கவனிக்கவில்லை. மலையிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகி, சோலைக்காட்டின் ஓரத்தில் மிளா மான் தண்ணீருக்கு வரும் தடத்தைப் பார்த்தபடி, புதருக்குள் உட்கார்ந்து அரைமணி நேரம் ஆன பிறகுதான் உறைத்தது. ஈர மண் மணத்தது, மக்கிய சருகு மணத்தது, மூன்று நாள் தேய்த்தும் தன் விரலிடுக்கை விட்டுப் போகாத வெங்காயம்கூட மணத்தது. ஒரு முழம் தள்ளி இருந்த ஆளிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை.

வேட்டைக்குத் தடை வந்ததிலிருந்து ஆறு வருஷமாக இருவருக்கும் வில்தான். துப்பாக்கிச் சத்தம் ஃபாரஸ்ட் கார்டைக் கூட்டி வந்துவிடும். ஆனால் அம்புக்கு மிளா இருபதடிக்குள் வர வேண்டும். மனுஷ வாடை பட்டால் வராது. அதனால் மூன்று நாள் சோப்பு, எண்ணெய் தொடமாட்டார்கள். சட்டையைச் சருகில் புதைத்து வைத்து உடுத்துவார்கள். ஒரு முடிச்சுச் சாம்பல் கொண்டுவந்து, தூவிப் பார்த்து, மிளாவிடமிருந்து தங்கள் பக்கம் காற்று வரும் இடமாக உட்காருவார்கள். பொன்னுவேலால் பீடியை மட்டும் விட முடிந்ததில்லை. எத்தனையோ சண்டை அதற்காக.

"ஏலே, பீடிய விட்டுட்டியா?"

"விட்டாச்சுண்ணே."

"எப்ப?"

"மத்தியானம்."

இடம் பார்த்து வைக்க மத்தியானமே தனியாக இறங்கியவன் அவன். மத்தியானம் விட்ட பீடியின் வாடை சாயங்காலத்துக்குள் ஒருவனை விட்டுப் போய்விடுமா? பொய். சூசைமாணிக்கம் சமைக்கும் ஸ்கூல் மெஸ்ஸுக்கே போன வாரம் கார்டு வந்து வில்லைப் பற்றி விசாரித்தான். வில் விஷயம் தெரிந்தவன் பொன்னுவேல் ஒருவன்தான். பிடிபட்டால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், பெண்டாட்டி கித்தேரியம்மாளும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். கூட இருந்தே குழி பறிக்கிறானோ? கார்டு வீட்டில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறானோ? குளித்திருந்தால் சோப்பாவது மணக்க வேண்டுமே.

உட்கார்ந்த இடமும் சரியில்லை. எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருந்து பாதையைப் பார்த்துக்கொள்பவன், இன்று வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தான். வலக்கையால் நாண் இழுப்பவனுக்கு, உட்கார்ந்தபடி வில்லைத் திருப்ப முடியாத பக்கம் அதுதான்.

சருகு நொறுங்கியது. வலப்பக்கச் சரிவிலிருந்து ஒரு பெட்டை மிளா இறங்கி வந்தது. சூசைமாணிக்கம் மூச்சை அடக்கினான். அது நேராகப் பொன்னுவேலிடம் வந்தது. அவன் முகத்தை முகர்ந்தது. பாறையை முகர்வதுபோல முகர்ந்துவிட்டு, அவன் முழங்காலைத் தாண்டிக் காலெடுத்து வைத்தது. பிறகுதான் சூசைமாணிக்கத்தின் வெங்காயம் அதற்கு எட்டியது. ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது.

பொன்னுவேல் மிளாவைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

காற்று திரும்பியது. இப்போது இடப்பக்கமிருந்து வந்தது.

பீடி வாடை.

பீடி, வேர்வை, அதற்கடியில் மெஸ்ஸில் ஆடு உரிக்கும்போது வரும் ரத்த வாடை. மெல்லக் கழுத்தைத் திருப்பினான். பெரணிச் செடிக்குள் இரண்டு பாதங்கள் கிடந்தன. வலக்கால் பெருவிரலில் நகம் இல்லை. கோடாலி பட்டுப் போன நகம். பொன்னுவேலின் கால்.

அப்படியானால் வலப்பக்கம்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. மாதாவே என்று மனசுக்குள் சொன்னான். சாம்பல் முடிச்சு அவிழும் சத்தம் கேட்டது.

"வெங்காய வாடை இன்னும் போகலண்ணே."

ஒரு கை அவன் முகத்துக்கு முன்னால் நீண்டது. விரல்கள் விரிந்தன. சாம்பல் உதிர்ந்தது. கீழே விழாமல், அவனை விட்டு விலகி, வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அதை நோக்கி மெல்லப் போனது.